படகுக்காரி கதையின் முடிவு

மழை பிடித்துக்கொண்டால் அந்த லாண்டரிக் கடைக்குள் துணியும் பேச்சும் சேர்ந்தே தேங்கிவிடும். வெளியே கொடி கட்ட வழியிராது. உலர்த்தும் இயந்திரத்துக்கோ வயிறு சிறிது. விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் பின்னறையில் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்க, அவற்றை முகத்தால் விலக்கிக்கொண்டுதான் எவரும் நடமாட முடியும். சோப்பும் ஆவியும் ஈரப் பருத்தியும் கலந்த அந்த வாடை மாடியில் உள்ள இரண்டு அறைகளுக்கும் ஏறி, சகோதரிகள் இருவரும் தின்கிற ரொட்டியிலும் குடிக்கிற தேநீரிலும் படிந்திருக்கும்.

கடை சின்னவளுடையது. கணவன் போன பிறகும் அதை விடாமல் நடத்திவந்தாள். தெருவுக்கு அவள் லாண்டரியக்கா. பெரியவள் நூலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவுக்கு அவள் நூலகத்தம்மா. ஓய்வு பெற்றதும் தங்கையிடம் வந்து சேர்ந்தாள். சும்மா உட்கார்ந்து சாப்பிட மனம் ஒப்பாமல், பின்னறை மேசைக்கு முன்னால் அமர்ந்து துணி மடித்துத் தருவாள். முனையோடு முனை சேர வேண்டும்; மடிப்பு ஒரு விரல் பிசகினாலும் பிரித்துப் போட்டுத் திரும்பத் தொடங்குவாள். சின்னவள் மடித்தவற்றையும் பிரித்துப் போடுவாள். அதனால் சின்னவள் மடிப்பதையே விட்டுவிட்டாள்.

புத்தகத்திலும் பெரியவள் அப்படித்தான். கடைசிப் பக்கம் வரை படிக்காமல் ஒரு நூலைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. பாதிக் கதையில் செத்துப்போன சேனாபதி, முடிவில் விருந்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்துப் பத்திரிகையில் எழுதியவள் அவள்தான். அந்த நூலாசிரியர் அதன் பிறகு எந்தச் சேனாபதியையும் கொல்லவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இந்தப் பெயருக்காகத்தான், தங்கள் கதைகளைத் தாங்களே அச்சிட்டுக்கொள்கிறவர்களின் சங்கம், மாயக்கதை நாவல்களுக்கு நடத்தும் போட்டிக்கு அவளை ஆண்டுதோறும் நடுவராக அழைத்தது. அச்சாபீசைக் கெஞ்சி, கட்டுக் கட்டாக வாங்கிவந்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் முழுதாகப் படிக்க மாட்டாரா என்று ஏங்குகிறவர்களுக்கு அந்த ஒருவர் அவள்தான். இது அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால் வந்த கர்வமும் இருந்தது.

இந்த ஆண்டுப் புத்தகங்கள் வழக்கம்போல மேலட்டை நீக்கப்பட்டு, பழுப்புக் காகிதம் ஒட்டி, ஆசிரியர் பெயர் தெரியாதபடி வந்து சேர்ந்தபோது, பெரியவளின் இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் உருவம் தெரியும், எழுத்து மட்டும் பாலில் கரைந்த மாதிரி இருக்கும். மழை விட்டதும் அறுவைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டாள். சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார்கள் என்று தோன்றியது. ஆகவே சொல்லவில்லை.

சின்னவள் படித்துக் காட்டினாள். இயந்திரம் சுற்றுகிற நேரமெல்லாம், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, உருளையின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் படித்தாள். முதல் நாளே முட்டிக்கொண்டது.

"இந்த ராஜா பேரு வாயிலயே நுழையலக்கா. கஞ்சிச் சட்டைன்னு வச்சுக்கட்டுமா? ஆளும் அப்படித்தான் வெறச்சுப்போய் நிக்கறான்."

"உள்ளது உள்ளபடி படி."

"உள்ளபடி படிச்சா பல்லு உடஞ்சுடும். அப்புறம் ரொட்டியையும் நீதான் மென்னு குடுக்கணும்."

பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ராஜா ஒருவனுக்கு மட்டும் என்று சலுகை தந்தாள். அந்த ஒரு சலுகைக்குள் பின்னால் எத்தனை நுழைந்தன என்பதை அவள் அப்போது அறியவில்லை. நாட்கள் போகப்போகச் சின்னவளின் வாசிப்பில் ஓட்டம் வந்தது. டிராகன் பேசும்போது மூக்கால் பேசினாள். மந்திரிகளுக்கெல்லாம் விடுதி மேலாளரின் குரலைக் கொடுத்தாள். பெரியவள் மடித்தபடி கேட்டாள். கேட்பது படிப்பதைவிடச் சுகமாக இருந்ததை அவள் தனக்குள்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் புத்தகக் கட்டுக்குள் ஒரு படகுக்காரி கதை இருந்தது. அந்த நாட்டில் குடிமக்கள் தங்கள் நிழலை வரியாகக் கட்ட வேண்டும். கட்டியவர்கள் வெயிலில் நின்றாலும் தரை வெறுமையாகக் கிடக்கும். ஒரு படகுக்காரி, வரிக்காரர்கள் வருமுன்னே மனிதர்களின் நிழல்களைச் சுருட்டிப் படகில் ஒளித்து அக்கரைக்குக் கடத்துகிறாள். தொடக்கம் நன்றாக இருந்தது. ஆற்றின் ஓசை கேட்டது. நடுப்பகுதியில் டிராகன் வந்து சற்றுக் குழப்பியது. முடிவைச் சின்னவள் படித்த பிற்பகலில்தான் பெரியவளின் கை நின்றது.

அரண்மனைக் கிடங்குக்குள் படகுக்காரி நுழைகிறாள். பிடுங்கப்பட்ட நிழல்களெல்லாம் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கசங்கி, மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. எது யாருடையது என்று தெரியவில்லை. அவள் ஆற்று நீரைத் தெளித்து, ஒவ்வொன்றாக உதறி, உள்ளங்கையால் நீவி விரிக்கிறாள். ஒன்றில் முழங்கை தேய்ந்திருக்கிறது. அது ஒரு சுமைதூக்கியுடையது. ஒன்றின் தோளில் குழந்தை சாய்ந்த பள்ளம். அது ஒரு தாயுடையது. வாசலில் ஜனங்கள் வரிசையாக நிற்க, அடையாளம் பார்த்துப் பார்த்து ஒப்படைக்கிறாள். எல்லாம் கொடுத்த பிறகு அடியில் கைக்குட்டை அளவில் ஒரு நிழல் மிஞ்சுகிறது. ராஜா வந்து அது தன்னுடையது என்கிறான். சிறுவயதிலேயே அவனுடையதையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

விரிப்பு பெரியவளின் மடியில் பாதி மடிப்போடு கிடந்தது. "இதை எழுதினவர் யாரோ, மனுஷங்களைக் கிட்ட நின்னு பாத்தவர்," என்றாள்.

சின்னவள் சட்டென எழுந்துபோய் இயந்திரத்தின் கதவைத் திறந்தாள். அவளுக்கும் நெஞ்சு அடைத்துவிட்டது போலும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

நடுவர் கூட்டம் புத்தகக் கடைக்காரரின் மாடியில் நடந்தது. நடுவர்கள் மூவர்: கடைக்காரர், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், பெரியவள். கடைக்காரருக்கு மணி வார்க்கிற நகரத்தைப் பற்றிய வேறொரு நாவல் பிடித்திருந்தது. பேராசிரியருக்கு எது முடிவானாலும் சரி, மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். பெரியவள் மணி நாவலை ஒவ்வொரு குறையாக எடுத்துப் பிரித்துப் போட்டாள். ஆளைக் கண்முன் நிறுத்துகிற வருணனையே அதில் இல்லை என்றாள். பிறகு கிடங்குக் காட்சியைச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல இருவரும் தேநீரை மறந்து கேட்டார்கள். கடைசிவரை தான் படித்து முடிக்கவில்லை என்று பேராசிரியர் வெட்கமில்லாமல் சிரித்தார். கடைக்காரரும் பாதியில் விட்டவர்தான்; தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க படிச்சா நாங்க படிச்ச மாதிரி," என்று பேராசிரியர் சொன்னதை அவள் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள். பாராட்டுரையை அவள் சொல்ல அவர் எழுதினார். படகுக்காரி கதைக்கே பரிசு என்று முடிவாயிற்று. விழாவுக்கு முன்பு ஆசிரியருக்கு மட்டும் பாராட்டுரையை அனுப்பி ரகசியமாகத் தெரிவித்தார்கள்.

சில நாட்களில், மழை தூறலாகத் தளர்ந்த ஒரு காலையில், அந்த ஆசிரியர் கடைக்கு வந்தார். லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய் ஏறிய விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசுகிற மனிதர். பாராட்டுரையின் அடியில் இருந்த பெயரை விசாரித்துக்கொண்டு வந்தவர், வந்த காரியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, கையில் இருந்த வெள்ளைச் சட்டையை முதலில் நீட்டினார். விழாவுக்குப் போடுகிற சட்டை என்றார். சின்னவள் வாங்கித் துண்டுச்சீட்டைக் குத்தினாள். அவர் நகரவில்லை. பின்னறையின் விரிப்புகளுக்கு இடையே தெரிந்த பெரியவளைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க எழுதின பாராட்டை எங்க வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன். ஆனா அந்தக் கிடங்கு சீன் என் புக்குல இல்லம்மா."

பெரியவள் நிமிர்ந்தாள். "இல்லைன்னா?"

"என் கதையில நிழலெல்லாம் தீயில எரிஞ்சுபோயிடும். படகுக்காரியும் செத்துடுவா. வேற யாரோட புக்கோ மாறிப்போச்சோன்னு..."

"நான் வரி விடாம படிக்கறவ," என்றாள் பெரியவள். குரல் நூலகத்துக் காலத்தின் குரலாக மாறியிருந்தது. "எழுதி ரொம்ப நாளாச்சோ என்னவோ. உங்க கதையை நீங்க இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க."

அந்த மனிதரின் முகம் எப்படி ஆயிற்று என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிகிற கண் அவளிடம் இல்லை. ஆனால் அவர் குரல் தணிந்ததைக் கேட்டாள். இருக்கலாம் என்றார், பல தடவை அடித்துத் திருத்தியதில் தனக்கே மறந்திருக்கலாம் என்றார். கையோடு கொண்டுவந்திருந்த பிரதியை மேசையில் வைத்துவிட்டு, சட்டைக்கு மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார். தன் கையால் எழுதிய கதையைத் தானே சந்தேகித்துக்கொண்டு ஒரு மனிதர் தெருவில் இறங்கினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் சின்னவள் இயந்திரத்தை நிறுத்தினாள். சத்தம் ஓய்ந்த பின்னறை திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

"அக்கா, அவர் சொல்றது நெஜம்."

பெரியவள் கையிலிருந்த விரிப்பை மேசையில் வைத்தாள்.

"அன்னிக்கு விடுதித் துணி மலையா கிடந்துது. இன்னும் கனமா ஒரு கத்தைப் பக்கம் பாக்கி. புரட்டிப் பாத்தா, பூரா சண்டை. வெட்டறான், குத்தறான், எரிக்கறான். முடிச்சுடலாம்னு புத்தகத்தைப் பாத்துக்கிட்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ரெண்டு வார்த்தையில முடிச்சுடத்தான் நெனச்சேன்."

"அப்புறம் ஏண்டி முடிக்கல?"

சின்னவள் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். "நீ மடிக்கறதை நிறுத்திட்டே. நான் பேசி நீ எப்போ கை வேலையை நிறுத்திக் கேட்டிருக்கே? அதான் நிறுத்த மனசு வரல."

பெரியவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சீட்டுக் கழன்ற துணிகளைக் குவித்து வைத்து, காலரின் தேய்மானத்தையும் முழங்கைத் தையலையும் பார்த்து, இது இன்னாருடையது என்று பிரித்துக் கொடுப்பது சின்னவளின் அன்றாட வேலை. அதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து எத்தனையோ காலம் கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் தலை நிமிர்ந்ததில்லை. அதே வேலை ஒரு புத்தகத்திலிருந்து வருவதாக நினைத்தபோது கை நின்றுவிட்டது. யாரோ ஒரு நூலாசிரியர் மனிதர்களைக் கிட்ட நின்று பார்த்தவர் என்று தங்கையிடமே சொன்னாள். முகம் காந்தியது.

மற்ற புத்தகங்களிலும் இப்படித்தானா என்று கேட்டாள். கதையை மாற்றவில்லை, வருணனைகளை மட்டும் தாண்டினேன் என்று சின்னவள் சொன்னாள். மணி நகரத்து நாவலிலா என்று கேட்டாள். அதில்தான் அதிகம் என்றாள். அப்படியானால் வருணனை இல்லை என்று எந்தப் புத்தகத்தைக் கூட்டத்தில் தூக்கி எறிந்தாளோ, அதன் வருணனையை அவள் கேட்கவே இல்லை.

அன்று மத்தியானம் சமைக்கவில்லை. காலையில் மிஞ்சிய ரொட்டியைத் தின்றுகொண்டே, சின்னவள் படகுக்காரி கதையின் உண்மையான முடிவை ஒரு சொல் விடாமல் படித்தாள். ராஜாவுக்குக் கஞ்சிச் சட்டை என்று சொல்லவில்லை. பல்லை உடைக்கும் பெயரையே சொன்னாள். போர் மூண்டது, நகரம் எரிந்தது, அம்பு பட்டுப் படகுக்காரி ஆற்றில் விழுந்தாள். யாரோ பின்னாலிருந்து விரட்ட ஓடுகிறவர் சொல்வது போல் இருந்தது கதை. பெரியவள் தலை குனிந்து முடிவு வரை கேட்டாள்.

பிறகு பேராசிரியருக்குத் தொலைபேசினாள். உண்மையைத்தான் சொல்லப் போனாள். வாய் வேறு சொன்னது: வயதாகிவிட்டதல்லவா, இரண்டு கதைகளைக் குழப்பிக்கொண்டேன் என்றது. அவர் உரக்கச் சிரித்தார். கடைசிவரை எவன் படிக்கப்போகிறான் என்றார். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு 'உருக்கமான முடிவு' என்று பொதுவாகப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியவராது, தானே மாற்றி எழுதுவதாகச் சொன்னார். அவள் சரி என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு, தன் பெயரும் தப்பியது, அந்த மனிதரின் பரிசும் தப்பியது என்று மனம் கணக்குப் போட்டதைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் வெள்ளைச் சட்டையைச் சின்னவள் தேய்த்து முடித்ததும், நானே மடிக்கிறேன் என்று பெரியவள் வாங்கிக்கொண்டாள். அதிலாவது ஒரு நேர்மை இருக்கட்டும் என்று எண்ணினாள் போலும். விரிப்புக்கு விரல் போதும்; காலருக்குக் கண் வேண்டியிருந்தது. பிரித்துப் பிரித்து மடித்தாள்.

மெக்கானிக் வந்தார். ஒரே நாளில் ஆள் மெலிந்துவிட்ட மாதிரி பேசினார். வீட்டுப் பிரதியை முழுக்கப் படித்துப் பார்த்தேன், அந்தக் காட்சி எங்கும் இல்லை என்றார். அம்மா கோபித்துக்கொண்டாலும் சரி, இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். சட்டையை வாங்கினார். வாங்கியவர் தயங்கினார்.

"மடிப்பு கோணலா இருக்கு. காலர் உள்பக்கமா சுருண்டு கெடக்கு."

"நான் அவசரத்துல மடிச்சுட்டேன் சார், குடுங்க," என்று சின்னவள் முந்திக்கொண்டு கையை நீட்டினாள்.

"அவ மடிக்கல," என்றாள் பெரியவள். "நான் மடிச்சேன். எனக்குக் கண் தெரியல."

ஒரு தடவை வாயை விட்டு வந்ததும் மற்றவை தாமாகவே வந்தன. எழுத்து தெரியாமல் நடுவராக உட்கார்ந்ததையும், தங்கை படிக்கக் கேட்டதையும், கிடங்குக் காட்சி தங்கையின் வாயில் பிறந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கைமேல் பழி விழாதபடி சொல்ல முயன்று, அது இயலாமல் இரண்டு தடவை தடுமாறினாள். நேற்று அவரையே திரும்பப் படித்துப் பாருங்கள் என்று விரட்டியதையும் சொன்னாள்.

மெக்கானிக் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப என் புக்கை நீங்க படிக்கவே இல்ல."

"நேத்துதான் முழுசாக் கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

ஒரு வார்த்தையில் அவரைக் குளிரவைத்துவிடலாம். பேராசிரியர் அங்கே அதற்கான வாசகத்தைத் தயாராகவே வைத்திருந்தார்.

"ஆறு நல்லா இருக்கு. படகுக்காரி உசுரோட இருக்கா. சண்டை ஆரம்பிச்ச எடத்துலேர்ந்து நீங்க கதையைக் கைவிட்டுட்டீங்க. அந்த முடிவுக்காக ஒரு பரிசு குடுக்க முடியாது."

அவர் கோபப்படவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, வியப்போடு சொன்னார்: "நெஜந்தாம்மா. அதை ஒரு பெரிய கட்டடத்து உச்சியில, லிஃப்ட் மோட்டார் இருக்கற ரூம்ல உக்காந்து எழுதினேன். அங்க யாரும் வர மாட்டாங்க. திடீர்னு அந்தக் கட்டடத்து வேலை முடிஞ்சுபோச்சு, சாவியைக் குடுக்கச் சொல்லிட்டாங்க. வேற எடம் இல்ல. எல்லாரையும் சாகடிச்சு முடிச்சுட்டேன்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா வேறெதுவா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

பரிசு வேண்டாம் என்று நானே சொல்லிவிடவா என்று அவர் கேட்டார். வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பெரியவளுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"அது உங்க வேலை இல்ல," என்றாள். "வீட்டுல, அந்த நடுவரம்மா பொய் சொல்லிட்டான்னு சொல்லுங்க. எல்லாப் புத்தகத்தையும் கண்ணு தெரிஞ்ச யாராவது மறுபடி படிக்கட்டும். உங்களுதையும் சேர்த்து."

சுவரோரத் தொலைபேசியிடம் நடந்துபோனாள். பித்தான்களை விரலால் தடவி எண்ணைக் கண்டுபிடித்தாள். பின்னால், சின்னவள் அவரிடமிருந்து சட்டையை வாங்கி மேசையில் விரிப்பது கேட்டது; நீர் தெளிக்கிற சத்தம், உள்ளங்கை துணியை நீவுகிற சத்தம்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்று மெக்கானிக் தாழ்ந்த குரலில் சின்னவளிடம் கேட்டார். "எல்லாருக்கும் நிழலைத் திருப்பிக் குடுத்துட்டாளே. படகுக்காரியோட நிழல் கெடச்சுதா?"

"அது வரைக்கும் நான் யோசிக்கல சார்."

அதைக் கேட்க வேண்டும் என்று பெரியவளுக்கும் நேற்றிலிருந்து இருந்தது. கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று இருந்துவிட்டாள். மறுமுனையில் பேராசிரியர் எடுத்தார். புது வாசகம் தயாராகிவிட்டது, படித்துக் காட்டட்டுமா என்று உற்சாகமாகக் கேட்டார்.

"வேண்டாம்," என்றாள். "இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. நடுவுல எழுந்து போயிடாம, கடைசி வரைக்கும் கேளுங்க."